உள்பக்கம் மடிந்த தகரம்

சனிக்கிழமை மேடம் வீட்டுக்கே வருகிறார் என்று மனைவி சொன்னபோது கூரைக்காரர் அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். ஓட்டோடு வெள்ளையும் சேர்ந்து பிய்ந்து வந்தது.

"இங்க எதுக்கு வராங்க?"

"கேக்குறதப் பாரு. உங்களப் பாக்கத்தான். கண்டெடுத்தவர் வாயால கேட்டு எழுதணுமாம். எந்த எடம், எந்த நாளு, எப்படிக் கெடந்துச்சு, எல்லாம். அப்புறம் அந்த எடத்தை நேர்ல பாக்கணுமாம்."

"அதான் அன்னைக்கே சொன்னேனே, செங்கல் சூளைப் பக்கம் கெடந்துச்சுன்னு."

"சூளைன்னா எந்த மூலைன்னு காட்டுங்க. காட்டினா காலு தேஞ்சா போயிடும்?"

அவர் முட்டையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். வாயில் முட்டை இருக்கும்போது யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவர் கண்டுபிடித்த உபாயங்களில் இது ஒன்று.

மனைவிக்குக் கல்லூரியில் துப்புரவு வேலை. பாறையும் மண்ணும் படிக்கிற பிரிவில் ஒன்பது வருஷமாகக் கூட்டித் துடைக்கிறாள். அந்தப் பிரிவுக்கு வாயில் நுழையாத பேர் ஒன்று உண்டு. அவளுக்கு அது கல்லு ஆபீஸ். அங்கே நடைவழியில் ஒரு கண்ணாடி அலமாரி, உள்ளே வானத்திலிருந்து விழுந்த கற்கள் நாலைந்து, பஞ்சு மெத்தையில் பெரிய வீட்டுப் பிள்ளைகள் மாதிரி படுத்திருக்கும். தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைக்கிறவள் ஒருநாள் தன் வீட்டுப் பின்பக்கத்தைக் கழுவினாள். மழைத்தண்ணீர் டிரம்மின் மூடி பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு கருப்புக் கல் இருந்தது. எடுத்துக் கீழே வைத்தாள். வைத்தவள் மறுபடி எடுத்தாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற கல், மேலே மினுமினுவென்று கருப்புத் தோல், ஒரு முனையில் மட்டும் தோல் பெயர்ந்து சாம்பல் நிறம். சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் பைக்குள் வைத்து மறுநாள் எடுத்துக்கொண்டு போய் அங்கே பாடம் நடத்துகிற மேடத்திடம் கொடுத்துவிட்டாள்.

"ஒன்பது வருஷமா கண்ணாடி தொடைக்கிறவளுக்கு உள்ள இருக்குறது தெரியாதா?" என்று அவள் தெருவில் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பாள். பெருமைப்படட்டும், பாவம். அந்தக் கட்டடத்தில் அவளை முதல் தடவையாக நாற்காலியில் உட்காரச் சொன்னது அன்றைக்குத்தான்.

அது நடந்து நாலு மாதம். மேடம் கல்லின் ஒரு ஓரத்தில் துணுக்கு அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவுகிற வரைக்கும் தேய்த்து மெலிசாக்கி, பெரிதாக்கிக் காட்டுகிற கருவிக்குக் கீழே வைத்துப் பார்த்தார். மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினார். சாயங்காலம் அவள் வந்து சொன்ன கதையைக் கேட்கவேண்டுமே.

"வளையல் கடையக் கொட்டி வெச்ச மாதிரி கலர் கலரா இருக்குங்க! மத்த கல்லுங்க உள்ள கடுகு மாதிரி உருண்டை உருண்டையா இருக்குமாம். இதுல ஒண்ணுகூட இல்லையாம். எங்கயோ ஒரு குட்டி உலகத்துல பாறை உருகி, ஓடி, ஆறிப்போன எடத்துலருந்து பேந்து வந்ததாம். காந்தத்தைக் கிட்ட காட்டினா மத்த கல்லு தாவிக்கிட்டு வருது, இது அசையவே மாட்டேங்குது. அழுத்தமான கல்லு, உங்கள மாதிரி."

அவளுக்கு அது கேலி. அவருக்கு அப்படிப் படவில்லை.

துணுக்கு இன்னொரு நாட்டுக்கும் போய்வந்தது. அங்கேயும் அதையே சொன்னார்களாம். அந்த வகையில் உலகத்தில் இதுவரை கிடைத்ததை விரல்விட்டு எண்ணிவிடலாமாம். இனிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. எங்கே விழுந்ததோ அந்த இடத்துப் பேரைத்தான் கல்லுக்கு வைப்பார்களாம்.

"சூளைப்பக்கத்துப் பேருதான் வைப்பாங்க" என்றாள் மனைவி. "உலகம் பூரா அந்தப் பேர்தான் சொல்லுவாங்களாம், நம்ம காலத்துக்கு அப்புறமும்."

கூரைக்காரருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. காரணத்தை இப்போதே சொல்லிவிடலாம், மூடி மறைக்க இது அவர் வாய் இல்லை. கல் சூளைப்பக்கம் கிடக்கவில்லை. அவர் சூளைப்பக்கம் போய் வருஷம் மூன்றாகிறது.

*

கல் கிடந்தது தையல்காரம்மா வீட்டுக் கூரைக்கும் பலகைத் தளத்துக்கும் நடுவில்.

போன வருஷம் முதல் மழைக்கு அந்த வீடு ஒழுகியது. வெட்டி வைத்திருந்த துணியில் சொட்டி, சாயம் இறங்கி, தையல்காரம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அந்தக் கூரையைப் போட்டது கூரைக்காரரின் மச்சான், மனைவியின் கூடப் பிறந்த அண்ணன். அன்றைக்கு அவர் காய்ச்சலில் கிடந்தார். அதனால் கூரைக்காரரைக் கூப்பிட்டார்கள்.

மச்சானுக்கு ஊர் வைத்த பேர் நூலு. ஒரு மாட்டுக் கொட்டகைக்குத் தகரம் போடுவதென்றாலும் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நூல் பிடித்துத்தான் ஸ்க்ரூ முடுக்குவார். "மாட்டுக்கு எதுக்குய்யா நேர்வரிசை?" என்று கேட்டால், "மாட்டுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே" என்பார். நூலு போட்டால் நூறு வருஷம் என்று ஊரில் ஒரு பேச்சு. ஒன்றாக வேலை செய்த காலத்தில் அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் கூரைக்காரருக்குக் காது புளித்திருந்தது. அவரும் மட்டமாக வேலை செய்கிறவர் இல்லை. ஆனால் ஒரு நல்ல கூரையைப் பார்த்தால் ஜனங்கள் "நூலு போட்டதா?" என்றுதான் கேட்பார்கள். "இல்ல, அவரோட மாப்பிள்ளை" என்றால், "பரவாயில்லையே!" என்பார்கள். அந்தப் பரவாயில்லையேதான் உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டிருந்தது.

கூரைமேல் ஏறியதுமே ஓட்டையைப் பார்த்தார். முட்டையை விடக் கொஞ்சம் பெரிய ஓட்டை, ஸ்க்ரூ வரிசைக்கு ஒரு சாண் தள்ளி. கூரை வேலை செய்கிறவனுக்கு ஓட்டை ஒரு எழுத்து மாதிரி. துருப்பிடித்த ஓட்டையின் விளிம்பு பொரபொரவென்று உதிரும். அதிகமாக முடுக்கிக் கிழிந்தது ஸ்க்ரூவிலிருந்து கோடு ஓடும். இது இரண்டும் இல்லை. விளிம்பு முழுக்க உள்பக்கமாக மடிந்திருந்தது. மேலேயிருந்து ஏதோ வந்து அடித்திருக்கிறது. ஒரு ஷீட்டைக் கழற்றிக் கையை விட்டுத் துழாவினார். கருப்பாக ஒரு கல் அகப்பட்டது. யாரோ எறிந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். வானத்திலிருந்து வந்தது என்று அவருக்கு மட்டுமல்ல, யாருக்குத் தோன்றும்?

கீழேயிருந்து தையல்காரம்மா கேட்டார். "என்னப்பா ஆச்சு? நேத்துப் போட்ட கூரை, அதுக்குள்ளயா?"

அப்போது அவர் வாயில் முட்டை இல்லை. இருந்திருக்கக் கூடாதா!

"ஸ்க்ரூவை ஓவரா முடுக்கியிருக்காங்கம்மா. தகரம் கிழிஞ்சு போச்சு."

"நூலு வேலையா இது!"

"கை இப்பல்லாம் முன்ன மாதிரி இல்லைம்மா. என்ன செய்றது?"

இவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுக் கல்லைக் கருவிப் பைக்குள் போட்டார். ஓட்டையை நல்லபடியாக ஒட்டுப்போட்டு அடைத்தார். அந்த ஒட்டில் எந்தக் குறையும் இல்லை. வேலையில் நேர்மை, வாயில்தான் ஓட்டை.

அதோடு விட்டிருந்தாலும் போயிருக்கும். மறுநாள் டீக்கடையில் யாரோ கேட்க, "நூலு போட்ட கூரைல மல்லாக்கப் படுத்துக்கிட்டே நட்சத்திரம் எண்ணலாம்" என்று சொல்லிவிட்டார். பெஞ்சு மொத்தமும் சிரித்தது. அவர் சொன்னதற்குப் பெஞ்சு சிரித்தது அதுதான் முதல் தடவை. நல்ல வேலைக்கு நடந்து போகத்தான் தெரியும், கேலி ஓடிப்போகும். ஒரே வாரத்தில் சந்தைக் கொட்டகைக்காரர்கள் காதுக்குப் போய்விட்டது. அறுபது ஷீட் போடுகிற பெரிய வேலை. மச்சானுக்கென்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது கைமாறிக் கூரைக்காரருக்கு வந்தது. மச்சானை அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. அவரும் யாரிடமும் போய் நிற்கிற ஆள் இல்லை. ஷீட் விற்கிற கடையில் ஏற்றி இறக்குகிற வேலையில் சேர்ந்துவிட்டார்.

*

வெள்ளிக்கிழமை, மேடம் வருவதற்கு முதல் நாள், பணம் வராமல் இழுத்தடித்து இப்போதுதான் தொடங்கியிருந்த சந்தைக் கொட்டகையின் இரண்டாம் வரிசைக்கு ஷீட் வந்தது. வண்டியில் மச்சான்.

வெயில் தகரத்தில் பட்டுத் தெறித்தது. மச்சான் கந்தல் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ஷீட்டுகளை இரண்டிரண்டாக இழுத்து இறக்கினார். கூரைக்காரர் மேலேயிருந்து இறங்கி வந்து மறுமுனையைப் பிடித்தார்.

"நீ எதுக்கு மாப்ள, உன் வேலையப் பாரு."

"இருக்கட்டும் மச்சான்."

எல்லாவற்றையும் இறக்கி முடித்ததும் நிழலில் உட்கார்ந்து மச்சான் தண்ணீர் குடித்தார். கண் மட்டும் கூரைமேலேயே இருந்தது. ஸ்க்ரூ வரிசையைப் பார்க்கிறார் என்று கூரைக்காரருக்குத் தெரிந்தது. வரிசை நடுவில் கொஞ்சம் வளைந்திருந்தது. மச்சான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"மாப்ள, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டியே?"

"கேளுங்க மச்சான்."

"அந்தத் தையல்காரம்மா வீட்டு ஓட்டை. அது எந்த வரிசைல இருந்துச்சு?"

கூரைக்காரர் கீழே கிடந்த வாஷர் ஒன்றைப் பொறுக்கி விரலில் உருட்டினார். "மூணாவது."

"மூணாவது." மச்சான் தலையாட்டினார். "நானும் அப்படித்தான் நெனச்சேன். மூணாவது வரிசை போடுறப்போதான் மேகம் கறுத்துச்சு. அவசரப்பட்டிருப்பேன். படுத்தா அந்த வரிசை ஒவ்வொரு ஸ்க்ரூவா மனசுல வருது, மாப்ள. எதை முடுக்கிட்டேன், எதை முடுக்கிட்டேன்னு தேடுறேன். ஒண்ணும் அகப்படல. ஆனா கண்ணால பாத்தவன் நீ. நீ சொன்னா சரியாத்தானே இருக்கும்?" கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "போன மாசம் பக்கத்து வீட்டுல கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போடக் கூப்பிட்டாங்க. போகல. கை மேல நம்பிக்க இல்ல."

ஒரு மனுஷன் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். கூரைக்காரரும் வாயைத் திறந்தார். "வெயில் ஜாஸ்தியா இருக்கு மச்சான், டீ சொல்லட்டா?" என்றுதான் வந்தது. வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை நாள் சொல்லாததை இன்றைக்குச் சொன்னால் இத்தனை நாளுக்கும் சேர்த்துச் சொல்லவேண்டுமே என்ற பயம் ஒரு பக்கம். பொய்யைப் பொறுத்தவரை முதல் நாளே சுலபமான நாள்.

*

மேடம் ஒல்லியாக, ஓடி ஓடிப் பேசுகிற அம்மா. கையில் ஒரு மடிக்கணினி, கல்லுக்கென்று ஒரு சின்னப் பெட்டி. மனைவி வீட்டை இரண்டு தடவை கழுவி, இருந்த இரண்டு நாற்காலிகளில் நல்லதை அவருக்குப் போட்டிருந்தாள்.

"நீங்கதானா அவர்! உங்களுக்குத் தெரியுமா, நான் இந்த வேலைக்கு வந்து இருபது வருஷம். அலமாரில இருக்குறதெல்லாம் யாரோ எப்பவோ கொடுத்தது. எங்கிட்ட நேரா வந்தது இது ஒண்ணுதான்" என்றார். கூரைக்காரர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உக்காருங்களேன்."

"பரவால்லைங்க."

"ஒரே ஒரு வருத்தம். விழுந்த சில நாள்லயே கெடைச்சிருந்தா நல்லாயிருந்திருக்கும். சில அளவெல்லாம் கல்லுக்குள்ள கொஞ்ச நாளுக்குத்தான் உயிரோட இருக்கும், அப்புறம் அணைஞ்சிடும். அதெல்லாம் போச்சு. உங்க தப்பா என்ன? சூளைல எவ்வளவு நாளா கெடந்துச்சோ."

தன் தப்பு இல்லை என்று ஒருவர் சொல்லும்போது கேட்டுக்கொண்டு நிற்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது.

"ஆனா ஒரு விஷயம் புரியல" என்று மேடம் மடிக்கணினியைத் திறந்தார். "கல்லோட தோல்ல ஒரு குழி. அதுக்குள்ள ஒரு மெல்லிசான கீறல். பெருசாக்கிப் பார்த்தா பெயிண்ட். அடியில செவப்பு, மேல பச்சை. சூளைல பெயிண்ட் அடிச்ச எதாவது மேல பட்டுச்சா? ஏன் கேக்குறேன்னா, எதையாவது இடிச்சுக்கிட்டு விழுந்திருந்தா, அந்த எடம் தெரிஞ்சா, அது கல்லு அளவுக்கு முக்கியம்."

திரை முழுக்க அந்தப் பச்சை. கூரைக்காரர் தரையைப் பார்த்தார். மனைவி மேசையைத் துடைத்த துணியோடு கிட்டே வந்து குனிந்தாள்.

"இது எங்க அண்ணன் கலக்குன பச்சைல்ல?" என்றாள்.

மேடம் நிமிர்ந்தார்.

"ஆமாங்க மேடம். தையல்காரம்மா பெயிண்ட் கடைல இருந்த எந்தப் பச்சையும் பிடிக்கலைன்னுட்டாங்க. கிளிப்பச்சைதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. எங்க வீட்டு கேட்டுக்கு அடிச்ச மஞ்சள் மிச்சம் இருந்துச்சு. அதையும் பச்சையையும் சேத்து இதோ இந்தப் பின்பக்கத்துலதான் அண்ணன் கலக்குனாரு. குச்சியால நான்தான் கிண்டினேன். கையெல்லாம் ஒரு வாரம் போகல. அந்தக் கூரையக் கிளிக்கூண்டுன்னு எல்லாரும் கேலி பண்ணுவாங்க. இந்தப் பச்சை வேற எங்கயும் கெடையாது..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். துணியை மடித்தாள். மறுபடி மடித்தாள்.

"என்னங்க."

அவர் தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னங்க, அந்தக் கூரைல ஒட்டுப் போட்டது நீங்கதானே?"

"ஆமா."

"கல்லு எங்க கெடந்துச்சு?"

"அங்கதான். கூரை ஓட்டைக்குக் கீழ. பலகைமேல. ஓட்டை போட்டதே அந்தக் கல்லுதான்."

"எங்க அண்ணன் முடுக்கினதுன்னு சொன்னீங்களே."

"பொய் சொன்னேன்."

மேடத்துக்கு முதலில் புரியவில்லை. "கூரைய ஒடைச்சுக்கிட்டா விழுந்துச்சு? அப்போ விழுந்த நாளே தெரியுமே!" என்று சந்தோஷத்தில் எழுந்தே விட்டார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்து மெதுவாக உட்கார்ந்தார்.

மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. "ஒன்பது மாசம்" என்றாள். "எங்க அண்ணன் மூட்டை தூக்குற மாதிரி தகரம் தூக்குறாரு. நான் கல்லைக் கண்டுபிடிச்சேன் கல்லைக் கண்டுபிடிச்சேன்னு தெருத் தெருவா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்." மேடத்திடம் திரும்பி, "நீங்க தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். தையல்காரம்மா வீடு பக்கத்துத் தெருதான். நான் கூட்டிட்டுப் போறேன்" என்று செருப்பை மாட்டினாள்.

தையல்காரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இடதுகை ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினாராம். நகத்தில் ஒரு தழும்பு. "முதல் மழைக்கு ரெண்டு வாரம் முன்னாடி, காலைல பத்தரை மணி. வெயில் அடிக்குது, எங்கயோ இடி இடிச்ச மாதிரி சத்தம். அப்புறம் மேல டமார்னு ஒண்ணு. தூக்கிப்போட்டதுல ஊசி விரல்ல ஏறிடுச்சு. டாக்டர்கிட்ட போன சீட்டுல தேதி இருக்கும். நான் பூனை குதிச்சதுன்னு நெனச்சு அதுக்கு மூணு நாள் சோறு போடலை. அடப் பாவமே." மேடம் அந்தத் தேதியை இரண்டு தடவை எழுதிக்கொண்டார் என்று மனைவி பிற்பாடு சொன்னாள். அன்றைக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் வீடு திரும்பிச் சொன்னது ஒன்றுதான்.

"அண்ணன்கிட்ட மட்டும் காதுல சொல்லிட்டு முடிச்சுக்கலாம்னு பாக்காதீங்க. டீக்கடைல சொன்னீங்கல்ல, டீக்கடைலயே சொல்லுங்க."

*

சாயங்காலம் டீக்கடைப் பெஞ்சு நிறைந்திருந்தது. குழாய்க்காரர், கொத்தனார், சந்தைக் காவல்காரர், அப்புறம் ஓரத்தில் கண்ணாடித் தம்ளரோடு மச்சான். கூரைக்காரர் உட்காரவில்லை. நின்றபடியே ஆரம்பித்தார்.

"தையல்காரம்மா வீட்டு ஓட்டை மச்சான் வேலையால வந்ததில்ல. வானத்துலருந்து ஒரு கல்லு விழுந்துச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும்... கல்லு மேலருந்து விழுந்ததுன்னு தெரியும். நான்தான் மறைச்சுட்டேன்."

குழாய்க்காரர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடேங்கப்பா! மச்சானைக் காப்பாத்த வானத்துலருந்தே கல்லை இறக்கிட்டாருய்யா!"

"வீட்டுல சோறு போட மாட்டேன்னு சொல்லியிருக்கும் தங்கச்சி" என்றார் கொத்தனார்.

"இல்லய்யா, நெசமாத்தான். காலேஜுல பரிசோதனை பண்ணியாச்சு."

"நட்சத்திரம் எண்ணலாம்னு சொன்னாரு, இப்போ எண்ணின நட்சத்திரமே கீழ விழுந்துடுச்சாம்!" காவல்காரர் சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினார்.

"நான் பொய் சொன்னேன்யா. நான்தான் பொய்யன்" என்றார் கூரைக்காரர். அதற்கும் சிரித்தார்கள். மாப்பிள்ளைக்கு எவ்வளவு பெரிய மனசு, பழியைத் தன் மேலேயே போட்டுக்கொள்கிறாரே என்று டீக்கடைக்காரர் மெச்சிக்கூடக் கொண்டார். உண்மையை இப்படிக் கையில் வைத்துக்கொண்டு வாங்க ஆள் இல்லாமல் நிற்போம் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை. அவமானத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

சிரிக்காதவர் மச்சான் ஒருவர்தான். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"விளிம்பு எந்தப் பக்கம் மடிஞ்சிருந்துச்சு மாப்ள?"

"உள்பக்கம் மச்சான்."

பெஞ்சில் கொத்தனார் மட்டும் சிரிப்பை விழுங்கினார். அவருக்குத் தொழில் தெரியும்.

"ஸ்க்ரூ?"

"ஒண்ணும் அசையல. வாஷர்கூட நசுங்கல. வரிசை நூல் பிடிச்ச மாதிரி இருந்துச்சு."

மச்சான் தம்ளரைக் கீழே வைத்தார். வலது கையை மடியில் மல்லாத்தி வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்போ இது சரியாத்தான் இருந்திருக்கு" என்றார், கையைப் பார்த்தே. பிறகு எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். கூரைக்காரரை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டுவார் என்று ரொம்ப நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார் இவர்.

*

ஓட்டை விழுந்த ஷீட் தனக்கு வேண்டும், கல்லோடு அதையும் அலமாரியில் வைக்கவேண்டும் என்று மேடம் கேட்டிருந்தார். புது ஷீட் போட நூலுதான் வரவேண்டும் என்று தையல்காரம்மா சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலை மனைவி ஒரு தட்டில் ரொட்டியை வைத்துவிட்டு, "ரெண்டு ஆள் வேலையாம். அண்ணன் உங்கள ஏழு மணிக்கு வரச் சொன்னாரு. வரியான்னு கேக்கல, வரச் சொன்னாரு" என்றாள். இரண்டு நாளில் அவள் அவரோடு பேசியது அவ்வளவுதான். ரொட்டி ஆறியிருந்தது.

அவர் போகும்போது மச்சான் ஏற்கெனவே கூரைமேல் இருந்தார். கீழே மேடம் ஒரு போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ குழந்தையை மேலேயிருந்து இறக்கப்போகிற மாதிரி. பூனை மதில்மேல் படுத்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.

மச்சான் ஒட்டை நெம்பினார். சுலபத்தில் வரவில்லை. "நல்லாத்தான் போட்டிருக்க. சொட்டு எறங்கியிருக்காது" என்றார். கூரைக்காரர் ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பையில் போட்டார். ஒட்டு பெயர்ந்து வந்ததும் ஓட்டை தெரிந்தது. மச்சான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மடிந்திருந்த விளிம்பை ஆள்காட்டி விரலால் ஒரு சுற்றுத் தடவினார். இன்னொரு சுற்று. ஒன்பது மாதமாகத் தேடியதை விரலால் வாசிக்கிறார் என்று தோன்றியது. அந்தப் பக்கம் பார்க்க முடியாமல் கூரைக்காரர் திரும்பிக்கொண்டார்.

ஷீட்டை இறக்கிக் கொடுத்தபோது அவர் மேடத்திடம் குனிந்து சொன்னார். "நீங்க எழுதுறதுல ஒரு வரி சேத்துக்கோங்க மேடம். கூரை நல்லாப் போட்ட கூரைன்னு. தப்பு கூரைல இல்லைன்னு."

மேடம் சங்கடப்பட்டார். "அதுல எடை, வகை, விழுந்த எடம், நாள், இதுக்குத்தாங்க எடம் இருக்கு. கூரையத் துளைச்சுதுன்னு எழுதலாம். நல்ல கூரைன்னு எழுத அதுல வழியில்லையே."

"உலகத்துக்கு எதுக்கும்மா அது?" என்றார் மச்சான் மேலேயிருந்து. "நீங்க கல்லை எழுதுங்க."

புது ஷீட்டை ஏற்றிப் பொருத்தினார்கள். மச்சான் சட்டைப் பையிலிருந்து நூல்கண்டை எடுத்தார். ஒன்பது மாதமாகப் பைக்குள்ளேயே கிடந்து அழுக்கேறிய நூல். ஒரு முனையைக் கூரைக்காரரிடம் நீட்டிவிட்டு, கண்டை அவிழ்த்துக்கொண்டே மறுமுனைக்கு நடந்தார். ஒன்றாக வேலை செய்த காலத்தில் இதே முனையைப் பிடித்துக்கொண்டு கூரைக்காரர் எத்தனை தடவை மச்சானின் முதுகுக்குப் பின்னால் கீழே நிற்பவர்களைப் பார்த்துக் கண்ணடித்திருக்கிறார். இன்றைக்கு இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்தார்.

மச்சான் அந்த முனையில் மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடி நூல்வழியே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நூல் ஆடுது மாப்ள."

காத்து மச்சான் என்று சொல்லக் கூரைக்காரருக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த துணி ஒன்றுகூட அசையவில்லை.

"என் கைதான் மச்சான்" என்றார்.

"சரி" என்றார் மச்சான். "நிக்கட்டும். நின்னதும் சொல்லு."